நிலைக்கு மீறிய சொல்

தொடக்கநிலை ஐந்து. கருத்தறிதல்.
நூற்று இருபது சொற்களில் ஒரு மழைக்காடு வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

எழுதிக் கொடுப்பவள் நான்.
புக்கிட் பாஞ்சாங், ஒன்பதாம் மாடி.
சமையலறைச் சன்னலில் எட்டிப் பார்த்தால்
விரைவுச்சாலைக்கு அப்பால் அசல் காடு நிற்கிறது.
அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து
நூலகத்தில் இரவல் வாங்கிய காட்டைப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் மழை என்று தட்டினேன்.
பக்கத்தில் காடு.
இரண்டையும் நெருக்கி வைத்ததும்
என்னைக் கேட்காமலே விரல்
நடுவில் ஒரு க் வைத்தது.
மரம் கிளையைத் தொட்ட இடத்தில்
ம் உதிர்ந்தது, அங்கேயும் ஒரு க்.
ஒன்று மக்கினால் இன்னொன்று துளிர்க்கும் என்பது
இலக்கணத்துக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

பேராசைப்பட்டுவிட்டேன்.
இருவாட்சியைப் பறக்க விட்டேன்.
செதிலும் தானுமாய்ச் சுருண்டுகொள்ளும் அழுங்குக்கு
ஒரு முழு வாக்கியம் கொடுத்தேன்.
பிரம்பு ஒரு கொடி என்றும் எழுதினேன்,
முள்ளைக் கொக்கியாக்கி
வெளிச்சத்தைத் தேடி ஏறுகிற கொடி.
மழைக்காட்டுத் தாவரங்களில்
பிள்ளைகளுக்கு நேரில் பழக்கமானது அது ஒன்றுதான்:
மளிகைக் கடையில் கட்டாகத் தொங்கும்,
பிடியில் சிவப்பு பிளாஸ்டிக் வளையம்,
வாங்கி வந்தால் கதவுக்குப் பின்னால் இடம்.

ஹமீதா திருப்பி அனுப்பினார்.
அழுங்கின் மேல் சிவப்புக் கோடு.
ஓரத்தில்: நிலைக்கு மீறிய சொல். விலங்கு எனலாமே.
இருவாட்சி, பறவை ஆகியிருந்தது.
பிரம்புக்குப் பக்கத்தில்:
பெற்றோர் புகார் செய்யக்கூடும். செடி போதும்.

இப்போது என் காட்டில்
ஒரு விலங்கு, ஒரு பறவை, ஒரு செடி.
மொத்தம் நூற்றுப் பதினேழு சொற்கள்.
மரம் விழும் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

ஒரு வகுப்பில் கொடுத்துச் சோதித்தார்கள்.
விடைத்தாள்கள் கட்டாக வந்தன.
கேள்வி மூன்று: காட்டின் தரையில் வெளிச்சம் ஏன் குறைவு?
இருபத்தொரு பேர்
என் வாக்கியத்தை அப்படியே என்னிடம் திருப்பித் தந்தார்கள்:
மரங்களின் உச்சிகள் கூரைபோல் மூடியிருப்பதால்.

தஷ்வின் எழுதியிருந்தான்:
மேல்மாடிக்காரர்கள் எல்லாரும்
துணி காயப்போட்டிருக்கிறார்கள்.
நாங்கள் இரண்டாம் மாடி.

விடைக்குறிப்பைப் புரட்டினேன். துணி இல்லை.
ஆனாலும் தெரிந்தது அந்த வீடு,
நண்பகலிலும் எரியும் விளக்கு,
கழிக்கு மேல் கழி,
யாருடையதோ ஒரு பள்ளிச் சீருடை
அவர்கள் சன்னலில் சொட்டிக்கொண்டிருப்பது.
அண்ணாந்து பார்த்துப் பார்த்து எழுதிய விடை.

மழைக்காடு வரும் இடமெல்லாம்
மலைக்காடு என்று வேறு எழுதியிருந்தான்.
வட்டமிட்டேன்.
புக்கிட் என்றால் குன்று,
எங்கள் காடும் குன்றின்மேல்தானே என்று
வட்டம் முடிவதற்குள் தோன்றியது.
முடியாத வட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன்.
கேள்வி மூன்றுக்கு இரண்டுக்கு இரண்டு.
எந்த அடிப்படையில் என்று ஹமீதா கேட்பார்.
கேட்கட்டும்.

அன்று இரவு பதினொன்றே கால்.
புளோக்குத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம்:
பலமாடிக் கார்நிறுத்தம், மூன்றாம் தளம்,
வெள்ளைக் கோட்டுக்குள்
ஒழுங்காக நிறுத்திவைத்ததுபோல்
சுருண்டு கிடக்கிறது ஒன்று.
அன்னாசிப் பழமா, அண்ணே?
முதலைக் குட்டியா?
யாருக்காவது பேர் தெரியுமா?

அழுங்கு என்று தட்டினேன்.
அழுக்கு என்று திருத்தியது கைப்பேசி.
அழித்தேன்.
மறுபடியும் அ,
மறுபடியும் ழு,
அது இன்னும் நகரவில்லை,
ங்